திரைக்கு வராத அத்தியாயம்

ஜே. ஆர். ஆர். ரோல்கீனின் 'லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' நாவல் 1954-55 இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. பீற்றர் ஜாக்சன் நியூசிலாந்தில் படமாக்கிய மூன்று திரைப்படங்களும் 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாகத் திரைக்கு வந்தன. இறுதிப் படம் 11 ஒஸ்கார் விருதுகளை வென்றது.

ஆனால் அதன் முடிவு பற்றி ரசிகர்கள் ஒத்துப்போகவில்லை. மோதிரம் அழிந்த பின்னும் படம் நீள்கிறதே என்று சிலர் சலித்துக்கொண்டனர். நாவலில் ஊறியவர்களோ, முக்கியமான ஓர் அத்தியாயம் விடுபட்டுவிட்டது என்று குறைபட்டனர்.

நாவலில், ஊர் திரும்பும் நான்கு ஹொபிற்றுகளும் காண்பது பாழாக்கப்பட்ட ஷயரை. மரங்கள் வெட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. வெளியார் அதிகாரம் செலுத்துகின்றனர். ஊரை மீட்க மறுபடியும் போராட வேண்டியிருக்கிறது. படத்திலோ ஷயர் விட்டுச்சென்றபடியே பசுமையாக இருக்கிறது.

உச்சக்கட்டத்துக்குப் பின் இன்னொரு சண்டை வந்தால் படம் தொய்ந்துவிடும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. எனினும், அது தொடக்கத்திலேயே எண்ணியிருந்த, கதைக்கு இன்றியமையாத பகுதி என ரோல்கீன் தமது முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

எமக்கு இது வெறும் சினிமா விவாதமல்ல. ஊருக்குப் போய், வேலியும் கிணறும் இருந்த இடம் தெரியாமல் நின்றவர்கள் எம்மிடையே பலர். படம் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த அத்தியாயத்தையும் வாசிக்கக் கொடுப்போம். நாம் சொல்லத் தயங்கியதை அவர்கள் அதில் கண்டுகொள்ளக்கூடும்.