தேளும் தாய்வழிச் சாசனமும்

மாறாதன என்று மனிதர் கருதியவை யாவும் மாறியும் மாறிக்கொண்டும் இருப்பனவே என்று ஒவ்வொன்றாக நிறுவி வந்ததே விஞ்ஞானத்தின் வரலாறு எனலாம். விண்மீன்களும் மலைகளும் உயிரினங்களும் இவ்வாறே தத்தம் நிலைபேற்றை இழந்தன. ஆயினும் மாறாமை என்னும் கருத்து எளிதில் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கோட்டையை இழந்ததும் அது வேறொன்றிற் புகுந்துகொள்ளும். அவ்வாறு அது புகுந்திருந்த சிறு கோட்டைகளுள் தேளும் ஒன்று.

தேள்களின் மிகப் பழைய கற்சுவடுகள் ஏறக்குறைய 43 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அக்காலத்துத் தேளையும் நம் வீட்டுக் கூரையிலிருந்து விழும் தேளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டுக்கும் பொதுவான உடலமைப்பைக் கண்டு வியப்படைவர். முன்னே இரு இடுக்கிகள், எட்டுக் கால்கள், பின்னே வளைந்த வால். அன்று போலவே இன்றும் இருக்கிறது, கூர்ப்பு இதனைத் தீண்டவில்லை என்று கூறிவிடுதல் எளிது. கண் காண்பது வெளித்தோற்றத்தை மட்டுமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வெளித்தோற்றத்தை நம்பியதால் விளைந்த மயக்கத்திற்கு மத்தியதரைக் கடற்பகுதியின் மஞ்சள் தேள் ஒன்று நல்ல சான்றாகும். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டிலேயே அமோரோ என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர், தென் பிரான்சின் ஒக்சித்தானியப் பிரதேசப் பெயரை இத்தேளுக்குச் சூட்டினார். இன்று அது பூதுஸ் ஒக்சித்தானுஸ் எனப்படும். பூச்சிகளின் வாழ்க்கையைப் பொறுமையுடன் நோக்கி எழுதிய ஃபாபர், தம் தோட்டத்தில் வளர்த்து ஆராய்ந்ததும் இத்தேளையே. பின்னர் பிரெஞ்சு ஆதிக்கம் வட ஆபிரிக்காவில் வேரூன்றியபோது, அங்கு காணப்பட்ட ஒத்த தோற்றமுடைய தேள்களையும் அறிஞர் இதே பெயரின் கீழ் அடக்கினர். 1952இல் அல்ஜியர்ஸ் நகரில் மக்ஸ் வஷோன் வெளியிட்ட பெருநூல், வட ஆபிரிக்கத் தேள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் மதிக்கப்படுவது. அந்நூலும் இவற்றுட் பலவற்றை ஒரே இனத்தின் உட்பிரிவுகளாகவே கொண்டது.

பெயரிற் பிழையிருந்தால் என்ன, அது நூலகத்துச் சிக்கலன்றோ என்று மாணவர் கேட்கக்கூடும். அன்று. ஐரோப்பியத் தேளின் கொட்டு மிக்க வேதனை தருவதாயினும் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது அரிது. மொரோக்கோவிலும் துனீசியாவிலும் அதே பெயரைத் தாங்கியிருந்த தேள்களோ, குழந்தைகளின் உயிரைப் பறிக்க வல்லவை. கொட்டப்படுபவர் யார்? கல்லைப் புரட்டி நிலத்தைப் பண்படுத்தும் உழவரும், வெறுங்காலுடன் ஆடு மேய்க்கும் சிறுவருமே. ஒரு தேளின் நஞ்சைக் கொண்டு ஆக்கிய மாற்று மருந்து வேறொரு தேளின் நஞ்சை முறிக்காது போகலாம். ஆகவே, எது எந்த இனம் என்னும் வினா ஏழை மக்களின் உயிரோடு பிணைந்த வினாவாகும்.

இவ்வினாவிற்கு விடை தேட உதவிய கருவி, தேளை ஆராய்ந்தோரிடமிருந்து வரவில்லை. 1963இல் மாகிற் நாஸ், சில்வன் நாஸ் ஆகிய இருவர் ஸ்டொக்ஹோம் நகரில் கோழிக் கருவின் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது, கலத்திற்குச் சக்தி வழங்கும் இழைமணிகளுக்குள்ளும் டி.என்.ஏ. இழைகள் இருப்பதைக் கண்டனர். கலத்தின் கருவே மரபின் ஒரே இருப்பிடம் என்ற நம்பிக்கை இதனால் தளர்ந்தது. 1967இல் லின் மார்குலிஸ், இழைமணிகள் முற்காலத்திற் தனித்து வாழ்ந்த பக்டீரியாக்களின் வழிவந்தவை என வாதிட்டார். அவரது கட்டுரையைப் பல சஞ்சிகைகள் ஏற்க மறுத்தன. இன்றோ அக்கருத்து பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது.

இழைமணி டி.என்.ஏ. வரலாற்றாசிரியனுக்கு வாய்த்த ஓர் அரிய சாசனம் போன்றது. விலங்குகளிற் பெரும்பாலும் அது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்குச் செல்கிறது. தந்தையின் மரபோடு கலந்து ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக அடுக்கப்படுவதில்லை. பிரதி செய்யும்போது நேரும் எழுத்துப் பிழைகள் மட்டும் காலப்போக்கிற் சேர்ந்துகொண்டே வருகின்றன. ஏடுகளைப் பெயர்த்தெழுதியோர் விட்ட பிழைகளை ஒப்பிட்டு, எந்த ஏடு எதன் வழி வந்தது எனத் தமிழ்ப் பதிப்பாசிரியர் கண்டறியும் முறையும் இதுவே அன்றோ? ஒரு கலத்தில் இதன் பிரதிகள் ஏராளமாக இருப்பதாற் சிறு திசுவிலிருந்தும் இதனைப் பிரித்தெடுக்கலாம். 1980களில் டி.என்.ஏ.யைப் பன்மடங்கு பெருக்கும் முறை உருவானதும் இச்சாசனத்தை வாசிப்பது எளிதாயிற்று.

தேளோ இத்தகைய ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. குட்டிகள் பிறந்ததும் தாயின் முதுகிலேறித் தங்கும். இறங்கிய பின்னரும் வெகுதூரம் செல்வதில்லை. கடலை நீந்திக் கடப்பதுமில்லை. எனவே நிலத்தின் வரலாறு அதன் மரபிற் பதிந்துவிடுகிறது. 2003இல் கன்டென்பைனும் லார்கியாடெரும் வெளியிட்ட ஆய்வு, இழைமணி டி.என்.ஏ.யோடு கருவிலுள்ள டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டது. ஐரோப்பாவின் மஞ்சள் தேள்கள் ஆபிரிக்க உறவினரிடமிருந்து நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்த தனிக்கிளை என்பது அதிற் புலனாயிற்று. ஜிப்ரால்டர் நீரிணை இன்று அதன் ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 14 கிலோமீற்றர் அகலமுடையது. ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மத்தியதரைக் கடல் அத்திலாந்திக்கிலிருந்து துண்டிக்கப்பட்டு வற்றத் தொடங்கியது. 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளம் மீண்டும் புகுந்து இரு கரைகளையும் பிரித்தது. மனிதர் ஒரே பெயரால் அழைத்ததைக் கடல் என்றோ பிரித்துவிட்டது. 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஐபீரியத் தீபகற்பத்துக்குள்ளேயே வெளித்தோற்றத்தாற் புலப்படாத வேறு கிளைகளும் இருப்பதை எடுத்துக்காட்டியது.

எனினும் ஒரு சாசனத்தை மட்டும் நம்பி முழு வரலாற்றையும் எழுதிவிட முடியாது. இழைமணி கூறுவது தாய்வழிக் கதையை மட்டுமே. இரு கிளைகள் மீண்டும் சந்தித்துக் கலந்திருப்பின் அதனை அது மறைத்துவிடலாம். அதனாலேயே கருவின் டி.என்.ஏ., உடலமைப்பு, நஞ்சின் தன்மை ஆகிய பிற சான்றுகளோடும் அதனை ஒப்புநோக்க வேண்டியுள்ளது. வம்சத் தூய்மை பேசுவோருக்கும் இதில் ஆதாரம் எதுவுமில்லை. கிளை பிரிந்தமை வேறுபாட்டைக் காட்டுமேயன்றி, உயர்வு தாழ்வைக் காட்டாது.

இவ்விடயம் நமக்குத் தொலைவானதன்று. 1798இல் பப்ரீசியுஸ் பெயரிட்ட செந்தேள் ஒன்று, ‘தமிழ்’ என்னும் சொல்லின் இலத்தீன் வடிவமான ‘தமுலுஸ்’ என்பதைத் தன் அடைமொழியாகக் கொண்டுள்ளது. அடைமொழி நிலைத்ததேயன்றி, அது சேர்க்கப்பட்ட பேரினம் பலமுறை மாறிவிட்டது. நஞ்சு மிக்க இத்தேள் இந்தியாவிற் பரந்து வாழ்வது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதனாற் கொட்டப்பட்டோரைப் பற்றிய மருத்துவ ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. இங்கும் நாம் கேட்கவேண்டிய வினா அதுவே: ஒரு பெயரின் கீழ் இருப்பது ஒன்றா, பலவா?

பெயர்கள் அறிவின் ஒரு கட்டத்தில் மனிதர் இட்ட அடையாளங்களே. உண்மை முன்னேறும்போது அவை மாறுவது விஞ்ஞானத்தின் தோல்வியன்று. மாறாதிருப்பதாகத் தோன்றிய தேளும் உள்ளே மாறிக்கொண்டே வந்துள்ளது. அம்மாற்றத்தைப் படித்தறியும் பணி ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடாமல், வயலிற் கொட்டுண்டு கிடக்கும் மனிதனின் மருந்துவரை வந்து சேரவேண்டும். அப்போதே அந்த அறிவு மக்களுடையதாகும்.