ஒப்பந்தப் பட்டியலில் நம் பெயர்

பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் நமக்குப் ‘பாடு’ என்னும் சொல்லைப் புதிதாக விளக்க வேண்டுவதில்லை. எவ்விடத்தில் எவர் என்றைக்கு வலை விரிப்பது என்பதை, உரிமை பெற்ற குப்பத்தார் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. முறையில் பெயருள்ளவனுக்கு ஏரி உண்டு. பெயரில்லாதவன் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்க வேண்டியதே. அரசாங்கக் கொள்முதலும் ஒரு பெரிய ஏரி. அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் நம்மவர் பெயர் ஏறிய வரலாற்றை ஆரம்பாக்கத்து இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

1942ஆம் ஆண்டு ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே, தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விளக்கும் விண்ணப்பம் ஒன்றை லின்லித்கோ பிரபுவிடம் அளித்தார். கல்வி, அரசுப்பணி ஆகியவற்றோடு, அரசு ஒப்பந்தங்களில் நமக்குப் பங்கு மறுக்கப்படுவதையும் அதில் தனியே எடுத்துரைத்தார். மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக்காரருள் நம்மவர் ஒருவரே என்று சுட்டிக்காட்டினார். அரசுப்பணியில் ஒதுக்கீடு 1943இல் ஆணையாயிற்று. ஒப்பந்தம் பற்றிய கோரிக்கையோ நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது.

2002ஆம் ஆண்டு போபால் மாநாடு அதனை மீண்டும் எழுப்பிற்று. 2006இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் 11ஆம் பிரிவின்கீழ் 2012இல் பொதுக்கொள்முதல் ஆணை பிறந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் பெற வேண்டும் என்றும், மொத்தத்தில் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு உரியது என்றும் அது வகுத்தது. 20 விழுக்காடு என்பது 2019 ஏப்ரல் முதல் 25 ஆயிற்று. நமக்குரிய 4 அப்படியே நிற்கிறது.

இவ்வாணை தரும் சலுகைகள் சிறியன அல்ல. ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டுவதில்லை. மிகக் குறைந்த விலையினும் 15 விழுக்காடு வரை கூடுதலாகக் குறிப்பிட்டிருந்தாலும், அக்குறைந்த விலைக்கு இறங்கிவர இசைந்தால் ஒரு பகுதியை வழங்கும் வாய்ப்பு உண்டு. பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தராவிடில், வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் பொருள் வழங்குவதற்கு முன்பே தொழிலைப் பதிவு செய்திருத்தல் வேண்டும்.

எல்லைகளையும் அறிதல் வேண்டும். உற்பத்தி செய்வோருக்கும் சேவை புரிவோருக்கும் உரியது இவ்வாணை. வாங்கி விற்கும் வணிகருக்கு அன்று. மாநிலத் துறைகளையும் இது கட்டுப்படுத்தாது. அங்கே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமே ஆளுகை செய்கிறது. கருநாடக மாநிலமோ தன் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பணிகளில் 24.1 விழுக்காட்டை ஒதுக்கியது. 2023இல் அவ்வரம்பை ஒரு கோடியாக உயர்த்தியது. நம் மாநிலத்திலும் இத்தகைய சட்டம் ஏன் கூடாது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

இளைஞர்களே! ஏரிக்கு அக்கரையில் 1971 முதல் ராக்கெட் ஏவிவரும் ஸ்ரீஹரிக்கோட்டா இருக்கிறது. தெற்கே எண்ணூரில் காமராசர் துறைமுகம் இருக்கிறது. இரண்டும் மத்திய அரசைச் சார்ந்தவை. உணவு, சீருடை, வாகனம், துப்புரவு, பழுதுபார்ப்பு என அவற்றின் தேவைகள் பல. ஆயினும் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், நமக்குரிய 4 விழுக்காடு ஆண்டுதோறும் எட்டப்படாமலே கழிந்துள்ளது. நம்மவர் எவரும் போட்டியிடாவிடில் அப்பங்கு பிற சிறுதொழில்களுக்குப் போய்ச்சேரும் என்று ஆணையே கூறுகிறது. வராதவன் பங்கு காத்திருப்பதில்லை.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கூட்டுத்தொழிலில் 51 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு நம்மவரிடம் இருந்தாலே அது நம் தொழிலாகும். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுப் பிறர்க்குப் பெயரை இரவல் கொடுப்பவன், தன் பங்கை மட்டுமன்றித் தன் தம்பியின் பங்கையும் விற்றுவிடுகிறான்.

கற்றவர் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். ஓர் ஒப்பந்தப்புள்ளியைப் படித்து, கணக்கிட்டு, உரிய நாளுக்குள் நிரப்பும் அறிவும் கல்வியே. அண்ணல் எண்ணிப் பார்த்தபோது இருந்த அந்த ஒரு பெயர் பலவாகப் பெருகட்டும். அவற்றுள் ஆரம்பாக்கத்துப் பெயரும் ஒன்றாகட்டும்.