ஒரே ஓர் அடியில் வந்த வெற்றி

கோல்ஃப் என்றாலே பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவன் நான். ஓய்வு பெற்றபின் பழைய விளையாட்டுச் செய்திகளைப் புரட்டுகையில் இந்தக் கதை கண்ணில் பட்டது.

அமெச்சூர் ஆண்களுக்கான உலக அணிப் போட்டி 1958-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பிரான்ஸ்காரர்கள் அமெரிக்கப் பெண்கள் அணியைத் தங்களோடு ஆட வருமாறு அழைத்தார்கள். அந்த அழைப்பே பேசிப் பேசி உலகப் போட்டியாக வளர்ந்தது. போர்ச்சுகலின் எஸ்பிரிட்டோ சாண்டோ குடும்பத்தார் கோப்பை தந்தார்கள். 1964-ல் பாரிஸ் அருகே செயின்ட் ஜெர்மெயினில் 25 அணிகள் கூடின.

அணிக்கு மூவர், நான்கு நாள் ஆட்டம். தினமும் மூவரில் நன்றாக ஆடிய இருவர் கணக்கு மட்டும் சேரும். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. பிரான்ஸ் 588, அமெரிக்கா 589. நான்கு நாளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அடி வித்தியாசம்!

கிளோதின் க்ரோ, பிரிஜித் வராங்கோ ஆகியோரோடு ஆடிய கேத்தரின் லகோஸ்ட்டுக்கு அப்போது வயது 19. அப்பா, முதலைச் சின்னச் சட்டை புகழ் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட். அம்மா சிமோன், 1927-ல் பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்றவர். இன்னார் மகள் என்றே ஊர் பேசியது. 1967-ல் தொழில்முறை வீராங்கனைகளை முந்தி அமெரிக்க ஓப்பனை வென்றார். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணம் கிடையாது. அமெச்சூராக அதை வென்றவர் அவர் ஒருவர்தான்.

அன்று அந்த அழைப்பு போகாதிருந்தால்? யாரோ ஒருவர் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது, இல்லையா?