நதியைப் பார்க்க நேரம் கிடைத்தவள்

எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்குள் ஒரு நதி வருடம் முழுக்க வற்றாமல் ஓடியது. சிவகாசியில் அச்சான மாதக் காலண்டரின் மேல்பாதியில் இருந்தது அந்த நதி. நீலத் தண்ணீர், ஒரு பாய்மரப் படகு, கரையில் குடத்தோடு ஒரு பெண். கீழ்ப்பாதியில் தேதிக் கட்டங்கள். அம்மா பட்டாசு ஆபீசுக்குப் போன நாட்களில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

வெளியே இருந்த ஆறு வேறு மாதிரி. வைப்பாற்றின் துணை ஆறான அர்ச்சுனா நதி பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக் கருவேலமும்தான். கோடையில் பெண்கள் மணலைத் தோண்டி, ஊற்றில் கசிகிற தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மேற்கு மலையில் மழை வலுத்தால் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் வெள்ளம் வரும். அதில் யாரும் பாய் விரித்துப் பயணம் போனதாக நான் கேட்டதில்லை. நதியில் படகு விட்டுக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் அதைப் படமாக வரைந்துகொண்டு ஒரு பெண் வாழ முடியும் என்பதைப் புத்தகத்தில்தான் முதலில் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்ணின் பெயர் ஃபானி பார்க்ஸ்.

ஃபானி 1794இல் வேல்ஸில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான சார்லஸ் பார்க்ஸை மணந்து 1822இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் கணவருக்கு அலகாபாத்துக்கு மாற்றம். கங்கையும் யமுனையும் கூடுகிற ஊர். குழந்தைகள் இல்லை. கம்பெனி அதிகாரிகளின் மனைவிமார் பகலில் ஜன்னல் தட்டிக்குப் பின்னால் வெயிலுக்கு ஒளிந்தும், மாலையில் வண்டியேறிக் காற்று வாங்கியும் காலம் கழித்த நாட்கள் அவை. இவர் இந்துஸ்தானி கற்றார், சிதார் பழகினார், பூச்சிகளைச் சேகரித்தார், கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பெழுதினார், வரைந்தார்.

1834 டிசம்பர் 9ஆம் தேதி, 'ஸீகல்' என்ற பாய்மரப் படகில் தாஜ்மகாலைப் பார்க்க யமுனையில் கிளம்பினார். கணவர் அலகாபாத்திலேயே இருந்தார். படகோட்டிகளும் வேலைக்காரர்களும் மட்டுமே துணை. கால்பி, இட்டாவா வழியாக ஆக்ராவுக்குப் போய்ச் சேர 51 நாள் ஆனது.

தாஜ்மகால் பற்றி அவர் எழுதிய பக்கங்களைத்தான் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அந்த 51 நாள்தான் முக்கியம். குளிர்காலத்தில் யமுனையில் நீர் இறங்கி மணல்திட்டுகள் தலைகாட்டும். காற்று மேற்கிலிருந்து, அதாவது போக வேண்டிய திசையிலிருந்து வீசும். பாய் விரித்துப் பயனில்லை. அப்போது படகை நகர்த்துவது கயிறு. கயிற்றின் ஒரு முனை பாய்மரத்தில் இருக்கும், மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் கரையோரமாக நடந்து இழுப்பார்கள். கரை சரிந்திருந்தால் தண்ணீரில் இறங்கி இழுக்க வேண்டும், அதுவும் மார்கழிக் குளிரில். படகு மெதுவாகப் போனதால்தான் ஃபானிக்குக் கரையிலுள்ள கோயிலையும் படித்துறையையும் வரைய நேரம் கிடைத்தது. இழுத்தவர்களில் யாரும் வரையவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவரைத் தள்ளிவிட்டுப் போவது சுலபம். வெள்ளைக்காரி, கம்பெனிச் சம்பளம், அடுத்தவர் தோளில் சவாரி. எல்லாம் உண்மைதான். நானும் முதலில் அப்படித்தான் மூடிவைத்தேன். மறுபடி திறக்க வைத்தவர் பாய்ஜாபாய்.

குவாலியர் அரசர் தௌலத் ராவ் சிந்தியாவின் மனைவி பாய்ஜாபாய். 1827இல் அரசர் இறந்தபின் ஆட்சியை நடத்தினார். 1833இல் தத்துப்பிள்ளை ஜன்கோஜி ராவோடு ஏற்பட்ட மோதலில் அதிகாரத்தை இழந்து, கம்பெனியின் கண்காணிப்பில் ஃபதேகரில் முகாமிட்டிருந்தார். 1835இல் ஃபானி அவரைப் போய்ப் பார்த்தார். கம்பெனியின் ஆண் அதிகாரிகள் நுழைய முடியாத அந்தப்புரத்துக்குள் இவர் போக முடிந்தது. ஒருபக்கம் கால்களைத் தொங்கவிட்டு ஆங்கிலப் பெண்கள் குதிரையேறுவதைப் பார்த்து அங்கிருந்த மராட்டியப் பெண்கள் சிரித்தார்கள். பாய்ஜாபாயும் அவருடைய பெண்களும் இருபுறமும் கால்போட்டு ஏறுகிறவர்கள். ஃபானியும் அப்படி ஏறிப் பார்த்தார், அதுதான் வசதி என்று ஒப்புக்கொண்டார்.

ஒருநாள் பேச்சு சட்டத்தின் பக்கம் திரும்பியது. மணமான ஆங்கிலப் பெண் சட்டப்படி கணவனுக்கு அடிமை, அதற்கு விமோசனமே தெரியவில்லை என்று ஃபானி சொன்னார். அந்தச் சட்டங்களை இயற்றியவர் யார் என்று கேட்டார் பாய்ஜாபாய். ஆண்கள்தான், தெரியாமலா கேட்கிறீர்கள் என்றார் ஃபானி. தங்களுக்கு ஒரு மனைவி போதும் என்று அவர்களே விதித்துக்கொண்டார்களே, அதனால் சந்தேகம் வந்தது என்று குறும்பாகச் சிரித்தார் பாய்ஜாபாய்.

ஒருத்தி, தன் சொத்தின் மீது உரிமை இல்லாத நாட்டைச் சேர்ந்தவள். இன்னொருத்தி, ஆண்ட நாட்டைப் பறிகொடுத்தவள். பறித்ததில் முன்னவளின் நாட்டுக்காரர்களுக்கும் பங்குண்டு. அது தெரிந்தும் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் எழுதிய பயண நூல்கள் நம் பெண்களைப் பெரும்பாலும் இரங்கத்தக்கவர்களாகவே காட்டின. இங்கே கேள்வி கேட்பவள் நம் பெண்.

ஃபானி சொன்னதில் மிகை இல்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஆங்கிலேய மனைவியின் சம்பாத்தியம் கணவனைச் சேர்ந்தது. 1850இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பயண நூலுக்கும் அதே விதிதான். அதன் முகப்பில் ஆசிரியர் பெயர் ஆங்கில எழுத்தில் இல்லை, பாரசீக லிபியில் இருந்தது. தொடக்கத்தில் பிள்ளையாருக்கு வணக்கம். சட்டம் தன் பெயரைக் கணவன் பெயருக்குள் கரைத்துவிட்ட நாட்டில், வாசகர்கள் படிக்க முடியாத எழுத்தில் பெயரைப் போட்டதை வெறும் விளையாட்டு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த ஆண்டு லண்டனில், கல்கத்தாவிலிருந்து கங்கோத்ரி வரை நதியின் காட்சிகளைப் பெரிய திரைகளில் ஓடவிட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சிக்கான விளக்க நூலும் ஃபானியுடையதுதான். திரைகளைத் தீட்டியவர்கள் ஆண் ஓவியர்கள்.

அதே கங்கையில் 1837 அக்டோபரில் இன்னொரு பெண் வரைந்துகொண்டே போனார். கவர்னர் ஜெனரல் ஆக்லண்டின் சகோதரி எமிலி ஈடன். நீராவிக் கப்பல் இழுத்துச் சென்ற சொகுசுப் படகில் காசி வரை போய், பிறகு தரைவழியாகப் பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட முகாமோடு நகர்ந்தார். அவர் வரைந்த மன்னர்களும் மக்களும் 1844இல் கல்லச்சுப் படங்களாக வெளிவந்தன. ஆனால் அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. கான்பூர் பக்கம் வந்தபோது, எலும்பும் தோலுமான குழந்தைகளோடு தாய்மார் முகாமைச் சூழ்ந்ததை அக்காவுக்கு எழுதிய கடிதங்களில் பார்க்கிறோம். 1837-38 பஞ்சத்தில் சுமார் 8 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. ஓவியத் தொகுப்பில் மன்னர்களுக்கு இடம் கிடைத்தது, அந்தத் தாய்மார்களுக்குக் கடிதத்தில்தான் கிடைத்தது. ஓவியம் விற்பனைக்கு, கடிதம் வீட்டுக்கு. பெண்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் முதலில் கடிதங்களைப் படிப்பது இதனால்தான்.

அந்தக் கல்லச்சு எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் பின்னால் வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்க ஃபானி இறங்கிய அதே கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர் வந்தது. மழை குறைந்து விவசாயம் கைகொடுக்காத கரிசல் பூமி, அதனால்தான் இந்தத் தொழில்கள் இங்கே வேர்விட்டன என்று எல்லோரும் சொல்வார்கள். வறண்ட ஆற்றங்கரையிலிருந்து ஊர் ஊராகத் தண்ணீர் நிறைந்த நதிகளை அச்சடித்து அனுப்பினோம்.

படத்தில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு ஃபானியின் படங்களிலும் பெயர் இல்லை, எங்கள் காலண்டரிலும் இல்லை. கரையில் ஒரு பெண் நின்றால் படம் நிறைவாக இருக்கும் என்பதற்காக நிற்கிறாள். அவளுக்கு அந்த நதி எத்தனை நடை, எத்தனை குடம் என்று படம் சொல்லாது. ஃபானி அந்தப்புரத்துக்குள் போய்ப் பெண்களோடு பேசினார். துறையில் தண்ணீர் எடுத்தவளைப் படகிலிருந்து பார்த்தார். அரசியின் வாயில் வந்த கேள்வி நமக்குக் கிடைத்தது, இவளுடையது கிடைக்கவில்லை.

என் அம்மாவுக்கும் ஆற்றைப் பார்க்க நேரம் கிடைத்தது உண்டு. தீபாவளிக்கு முந்தின மாதங்களில் சரவெடி பின்ன ஞாயிற்றுக்கிழமைகூடப் போவார். தீபாவளி முடிந்ததும் ஆபீசில் வேலை குறையும். அதே சமயத்தில் அடைமழை பிடிக்கும். செய்த வெடியைக் காய வைக்க வெயில் வேண்டும், வெயில் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. ஆற்றில் தண்ணீர் வருவதும் அந்த நாட்களில்தான். ஒரு வருடம் வெள்ளம் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போன தண்ணீரை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றார். "ஆத்துல தண்ணி வந்தா ஆபீஸ்ல வேலை இருக்காதுடீ" என்றார். வருத்தமா, சந்தோஷமா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், காலண்டரில் பாய்மரப் படகுக்குக் கீழே கார்த்திகை மாதத்துக் கட்டங்கள் கோடு விழாமல் வெள்ளையாக இருந்தன.