செவிக்கு இமையில்லை

விரும்பாததைக் காணாதிருக்கக் கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கோ அத்தகைய காவல் இல்லை. ஆயினும் கவனம் சிதறுவோரை மனவுறுதி அற்றவர் என்றே நாம் கடிந்துவந்திருக்கிறோம். வரலாறு கூறுவது வேறு.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமை மெய்யியலாளர் செனெக்கா, பொதுக் குளியல் கூடம் ஒன்றின் மேல்மாடியில் தங்கியிருந்தார். உடற்பயிற்சி செய்வோரின் முனகலையும் தின்பண்டம் விற்போரின் கூவலையும் நண்பர் லூசிலியுசுக்கு எழுதிய மடலில் விவரிக்கிறார். வெறும் இரைச்சலைவிட மனிதக் குரலே மனத்தை மிகுதியாய் ஈர்க்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இவற்றையெல்லாம் தாம் பொருட்படுத்துவதில்லை என்று எழுதியவர், மடலின் முடிவில் அவ்விடத்தை விட்டு அகலவே துணிந்துவிட்டார்!

1976-இல் அமெரிக்க உளவியலாளர்களான கோல், வெல்ஷ் இருவரும் இதை ஆய்வுக்கு உட்படுத்தினர். கண்ணால் கண்ட எழுத்துகளை அதே வரிசையில் நினைவுகூர வேண்டும். பின்னணியில் ஜெர்மன் மொழி வாசிப்பு ஒலிக்கும். அம்மொழியை அறியாதோரும் அதிகமாகத் தவறினர். குறுகிய கால நினைவு, வரிசையை உள்ளத்துள் திரும்பத் திரும்பச் சொல்லியே காக்கிறது. ஒரே ஒலி தொடர்ந்தால் கேடு குறைவு. மாறி மாறி எழும் ஒலி அவ்வரிசையைக் குலைக்கிறது என்பதைக் கார்டிஃப் நகரில் டிலன் ஜோன்சும் குழுவினரும் பின்னர் தெளிவுபடுத்தினர். எதிர்பாராத ஒலியோ கவனத்தையே பறித்துச் செல்கிறது.

இதன் விலையைச் செலுத்துவோர் யார்? 1992 மே மாதத்தில் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் மூடப்பட்டு, வேறிடத்தில் புதியது திறக்கப்பட்டது. இம்மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் 326 குழந்தைகளைச் சோதித்து, முடிவுகளை 2002-இல் வெளியிட்டனர். புதிய நிலையத்தருகே வாழ்ந்தோரின் நீண்ட கால நினைவும் வாசிப்புத் திறனும் குன்றின. பழைய நிலையத்தருகே வாழ்ந்தோருக்கோ இவ்விரண்டுடன் குறுகிய கால நினைவும் மேம்பட்டது. அவர்கள் ஓரிரவில் அறிவாளிகளாகிவிடவில்லை. தலைக்கு மேல் வானம் அமைதியுற்றது, அவ்வளவே.

எனவே, படித்ததை மறந்த பிள்ளையைக் கடியுமுன் நாம் சற்றே செவிசாய்ப்போம். அடுத்த அறையில் பேசுவது நம் தொலைக்காட்சியா? தெருவில் முழங்குவது நம் விழாவின் ஒலிபெருக்கியா? ஆலயக் கோபுரத்து ஒலிபெருக்கியும் இதற்கு விலக்கன்று என்பதைப் பங்குப் பணியாளராகிய நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் செவியை மூட இயலாத குழந்தைக்காக நம் ஒலியைத் தணிப்பது, சலுகையன்று; நாம் செலுத்த வேண்டிய கடன்.