கார்ட்டூன் படங்களில் ஒளிந்திருக்கும் குறும்பு... 34 லட்சம் கேசட்டுகளை டிஸ்னி திரும்பப் பெற்றது ஏன்?

'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தில் கடல் ராஜா ட்ரைட்டன் அரங்குக்குள் வரும்போது கூட்டத்தை உற்றுப் பாருங்க. மிக்கி மவுஸ், டொனால்ட் டக், கூஃபி மூணு பேரும் அங்கே இருப்பாங்க!

ஏ113 என்றால் என்ன?

'டாய் ஸ்டோரி' (1995) படத்தில் ஆண்டியின் அம்மா ஓட்டும் காரின் நம்பர் பிளேட்டில் இருப்பது ஏ113. 'அப்' (2009) படத்தில் நீதிமன்ற அறை எண்ணும் அதுவே. அமெரிக்காவின் 'கால்ஆர்ட்ஸ்' கல்லூரியில் அனிமேஷன் மாணவர்கள் படித்த வகுப்பறையின் எண் இது. ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் படித்ததும் இங்கேதான். படிச்ச வகுப்பை மறக்காமல் போடும் கையெழுத்து மாதிரி!

குறும்பு வம்பானது எப்படி?

எல்லா ஒளிப்பும் இப்படி ஜாலியாக முடியவில்லை. 1977-ல் வெளியான 'தி ரெஸ்க்யூவர்ஸ்' படத்தில், எலிகள் பறவை மீது பறக்கும் காட்சியின் பின்னணி ஜன்னலில் ஆடையில்லாத பெண்ணின் படம் செருகப்பட்டிருந்தது. மொத்தம் 2 பிரேம்கள்தான். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும். அதனால் தியேட்டரில் யார் கண்ணிலும் அது நிற்க வாய்ப்பில்லை.

ஆனால், வீட்டு வீடியோவில் 'பாஸ்' பட்டன் இருக்கே! 1999 ஜனவரியில் விஷயம் தெரிந்ததும், சுமார் 34 லட்சம் கேசட்டுகளைத் திரும்பப் பெறுவதாக டிஸ்னி அறிவித்தது. குழந்தைகள் பார்க்கும் படமாச்சே!

இப்போ பாஸ் பட்டன் எல்லோர் மொபைலிலும் இருக்கு. அடுத்த முறை குழந்தைகளோடு படம் பார்க்கும்போது நம்பர் பிளேட், கதவு எண், கூட்டக் காட்சி வந்தால் நிறுத்திப் பாருங்க!