மூன்று பெயர் கொண்ட ஊர்

ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதியில், சிபியூ மாவட்டத்தில் உள்ள சிறிய ஊராட்சி பியர்தான். பியர்தான், கோப்ஷா மாரே, ரிக்கிஷ் என மூன்றே கிராமங்கள். ருமேனியர் பியர்தான் என்னும் ஊரை சாக்சன் ஜெர்மானியர் பிர்ட்ஹெல்ம் என்றனர். ஹங்கேரியர் பெரெத்ஹாலொம் என்றனர். நூற்றாண்டுக் கணக்கில் இங்கு வாழ்ந்த சாக்சன்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். பல இனங்கள் ஓரிடத்தில் நெடுநாள் ஒட்டி வாழ முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மக்களைக் கூட்டியதும் அரசாணை, கலைத்ததும் அரசாணை.

12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா, எல்லையைக் காக்கவும் காடு திருத்தவும் அழைத்து வந்தவர்களே சாக்சன்கள். 1224-இல் அவர்களுக்குத் தன்னாட்சிச் சாசனம் கிடைத்தது. அந்த உரிமை பின்னர் பியர்தான் பக்கத்துக்கும் நீண்டது. திராட்சைத் தோட்டங்களால் ஊர் செழித்தது. குன்றின் மேல் மூன்று சுற்று மதில்களோடு எழுந்த தேவாலயம் 1572 முதல் 1867 வரை சாக்சன் லூத்தரன் பேராயரின் இருப்பிடமாக இருந்தது. அந்தக் காலத்தைச் சமத்துவப் பொற்காலமாக வரைவதும் தவறு. சாக்சன் நிலத்தில் மற்றவரும் குடியுரிமையும் சொத்தும் பெற 1781-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆணை வேண்டியிருந்தது. ருமேனியரும் ரோமா மக்களும் பெரும்பாலும் ஊரின் ஓரத்திலேயே வாழ்ந்தார்கள். ஏற்றத்தாழ்வும் உரசலும் இருந்தன. ஆனால் ஊரைக் காலி செய்தவை அவை அல்ல.

1945 ஜனவரியில் ருமேனியாவின் ஜெர்மானியரில் சுமார் 70,000 பேர் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். 17 முதல் 45 வயது வரையிலான ஆண்கள், 18 முதல் 30 வரையிலான பெண்கள். குற்றம் விசாரிக்கப்படவில்லை, இனம் மட்டுமே பார்க்கப்பட்டது. அதே ஆண்டின் நிலச் சட்டம் அவர்கள் வயல்களைப் பறித்தது. உழவனிடமிருந்து நிலத்தை எடுத்த பிறகு அவனை ஊரோடு கட்டிவைக்க என்ன மிஞ்சும்? அடுத்து ருமேனியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் சௌஷெஸ்குவின் ஆட்சி, ஆளுக்கு இவ்வளவு என மேற்கு ஜெர்மனியிடம் பணம் வாங்கிக்கொண்டு, 1967-க்கும் 1989-க்கும் இடையே 2 லட்சத்துக்கும் அதிகமானோரை வெளியேற விட்டது.

1989-இல் அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு போனவர்களை யாரும் துரத்தவில்லையே என்று கேட்கலாம். உண்மை; 1990-இல் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே போனார்கள். ஆனால் ருமேனியாவில் வாழும் ஹங்கேரியரைப் பாருங்கள். 1930-இல் 14 லட்சமாக இருந்தவர்கள் 2011-லும் 12 லட்சம். அவர்களுக்கும் தாய்நாடு பக்கத்தில் இருந்தது, எல்லை திறந்தது. ஜெர்மானியரோ 7.45 லட்சத்திலிருந்து 36,000 ஆகிவிட்டார்கள். ஜெர்மனியின் செல்வம் இழுத்தது என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் பெருந்திரளாக நாடு கடத்தப்பட்டு, நிலமிழந்து, விலைபேசப்பட்ட சமூகத்தில் உறவினரில் பாதிப்பேர் ஏற்கெனவே அக்கரையில். எஞ்சியவர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள்.

பியர்தான் தேவாலயத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆண்டு 1993. அதற்குள் அதைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.